விநியோகச் சங்கிலியின் அடி அடுக்குகளில் மறைந்திருக்கும் நலிவு

ஒரு தொழிற்சாலைக்குத் தான் நேரடியாகப் பொருள் வாங்கும் நிறுவனங்களைத் தெரியும். அந்த நிறுவனங்கள் தங்களுக்கு வேண்டியதை யாரிடம் வாங்குகின்றன, அவர்களுக்குக் கொடுப்பவர்கள் யார் என்பது பெரும்பாலும் தெரியாது. தெரியாத அந்த இடத்தில் ஒரு சிறிய ஆலை நின்றுபோனால் மேலே உள்ள பெரிய ஆலையும் சில வாரங்களில் நின்றுவிடலாம். இவ்வாறு கண்ணுக்குத் தெரியாத கீழ்மட்டத்தில் இருந்துகொண்டு, விபத்து, வெள்ளம், பணமுடை போன்றவை வரும்போது மட்டும் வெளிப்படும் பலவீனமே விநியோகச் சங்கிலியின் மறைந்த நலிவு எனப்படுகிறது. உற்பத்தித் துறையில் இதை முன்கூட்டியே எப்படிக் கண்டறிவது என்பது 2011-க்குப் பிறகு தனித் துறையாகவே வளர்ந்துள்ளது.

அடுக்குகள்

கார் நிறுவனத்துக்கு நேரடியாகப் பொருள் தருபவர் முதல் அடுக்கு சப்ளையர். பிரேக் அமைப்பு, இருக்கை, மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி போன்றவற்றை முழுமையாகச் செய்து தருபவர்கள் இவர்கள். அவர்களுக்கு சிப், வார்ப்பு, ரப்பர் வளையம், திருகாணி தருபவர்கள் இரண்டாம் அடுக்கு. அதற்கும் கீழே மூலப்பொருள், வேதிப்பொருள், முலாம் பூசுதல், வெப்பப் பதப்படுத்தல் போன்ற வேலைகளைச் செய்பவர்கள் மூன்றாம், நான்காம் அடுக்குகளில் வருகிறார்கள். கோவைப் பகுதியில் ‘ஜாப் ஒர்க்’ என்று சொல்லப்படும் வேலைகளில் பல இந்தக் கீழ் அடுக்குகளைச் சேர்ந்தவையே.

ஒப்பந்தம் அடுத்தடுத்த இரு அடுக்குகளுக்கு இடையில் மட்டுமே இருக்கும். கார் நிறுவனத்துக்கும் மூன்றாம் அடுக்கில் உள்ள வேதி ஆலைக்கும் இடையே ஒரு காகிதமும் இல்லை. கணக்குப் புத்தகத்தில் அந்த ஆலையின் பெயர் வராது. ஆபத்து எங்கே இருக்கிறது என்று கணக்குப் புத்தகத்தை வைத்துத் தேடுபவருக்கு அது அகப்படாமல் போவதற்கு இதுவே முதல் காரணம்.

2011 மார்ச் 11: ஒரு நிறமியும் ஒரு சிப் ஆலையும்

2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் வடகிழக்குக் கடலோரத்தை நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் தாக்கின. உயிரிழப்பும் ஃபுகுஷிமா அணுமின் நிலைய விபத்தும் உலகத்தின் கவனத்தை ஈர்த்திருந்த நாட்களில், கார் நிறுவனங்களுக்கு எதிர்பாராத செய்திகள் வரத் தொடங்கின. ஜெர்மனியின் மெர்க் நிறுவனம் ‘ஸிராலிக்’ என்ற பெயரில் ஒரு நிறமியைத் தயாரித்து வந்தது. கார் வண்ணத்தில் வெயில் படும்போது மினுமினுப்பைத் தருவது அது. உலகிலேயே அது தயாரான ஒரே ஆலை ஃபுகுஷிமா மாநிலத்தின் ஒனஹாமாவில் இருந்தது. ஆலை நின்றதும், அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனம் ஒரு கறுப்பு நிறத்துக்கும் சில சிவப்பு நிறங்களுக்கும் புதிய ஆர்டர் எடுக்க வேண்டாம் என்று விற்பனையாளர்களைக் கேட்டுக்கொண்டது. கிரைஸ்லரும் சில நிறங்களுக்குக் கட்டுப்பாடு விதித்தது.

ஒரு காரில் அந்த நிறமியின் பங்கு மிகக் குறைவு. ஃபோர்டு அதை மெர்க்கிடம் வாங்கவும் இல்லை. வண்ணம் தயாரிக்கும் நிறுவனங்களிடம் வண்ணத்தை வாங்கியது. அந்த வண்ணத்துக்குள் என்ன இருக்கிறது, அது எந்த ஊரில் தயாராகிறது என்று கேட்க வேண்டிய தேவை யாருக்கும் அதுவரை தோன்றியிருக்கவில்லை. ஆலை அந்த ஆண்டு மே மாதத்தில் மீண்டும் இயங்கியது. ஜெர்மனியிலும் ஓர் உற்பத்திப் பிரிவை அமைக்க மெர்க் முடிவு செய்தது.

இதைவிடப் பெரிய அடி, இபராக்கி மாநிலத்தின் ஹிட்டாச்சினாக்கா நகரில் உள்ள ரெனசாஸ் நிறுவனத்தின் நாக்கா ஆலையில் விழுந்தது. எஞ்சின், பிரேக், கதவுக் கண்ணாடி போன்றவற்றை இயக்கும் மைக்ரோகண்ட்ரோலர் சிப்புகளை அந்த ஆலை செய்தது. கார்களுக்கான இத்தகைய சிப்புகளின் உலகச் சந்தையில் ரெனசாஸின் பங்கு அப்போது சுமார் 40 விழுக்காடு என மதிப்பிடப்பட்டது. சேதமான ஆலையைச் சீராக்க, கார் நிறுவனங்களும் பிற வாடிக்கையாளர்களும் தங்கள் ஆட்களை அனுப்பினார்கள். ஒரு கட்டத்தில் நாளொன்றுக்கு 2,500 பேர் வரை அங்கே வேலை செய்தனர். ஜூன் தொடக்கத்தில் உற்பத்தி ஓரளவு தொடங்கியது. டொயோட்டா தனக்குத் தட்டுப்பாடாகக் கூடிய பாகங்கள் சுமார் 500 என்று முதலில் கணக்கிட்டது. ஏப்ரலில் அது 150 ஆகக் குறைந்தது. நேரடி சப்ளையர்களிடம் ஒவ்வொருவராகக் கேட்டு, அவர்கள் தங்களுக்குக் கீழே உள்ளவர்களைக் கேட்டு, இப்படி இறங்கித்தான் அந்தப் பட்டியலே கிடைத்தது. நெருக்கடி வந்த பிறகு வரைபடம் வரைய வேண்டிய நிலை.

பிரமிடும் வைரமும்

அதுவரை கார் நிறுவனங்கள் தங்கள் சங்கிலியை ஒரு பிரமிடாகக் கற்பனை செய்திருந்தன. உச்சியில் ஒரு கார் நிறுவனம், அதன் கீழே சில நூறு முதல் அடுக்கு நிறுவனங்கள், அதற்கும் கீழே ஆயிரக்கணக்கான சிறிய நிறுவனங்கள். கீழே போகப் போக ஆள் கூடுவதால் அங்கே ஒருவர் விழுந்தாலும் இன்னொருவர் இருப்பார் என்பது இந்தக் கற்பனையின் உட்பொருள்.

உண்மையில் பல பாகங்களுக்கு அந்த வடிவம் நடுவில் விரிந்து, கீழே மறுபடியும் குறுகியது. ஜப்பானில் இதை வைர வடிவம் என்றார்கள். ஒரே பாகத்தை மூன்று முதல் அடுக்கு நிறுவனங்களிடம் பிரித்து வாங்கினால் பாதுகாப்பு என்று கார் நிறுவனம் நினைத்திருக்கும். அந்த மூவரும் ஒரே சிப் ஆலையிடம் வாங்கியிருப்பார்கள். சிறப்பு வேதிப்பொருள், உயர்தரச் சிப் போன்றவற்றைச் செய்யப் பெரிய முதலீடும் நீண்ட அனுபவமும் வேண்டும். எனவே உலகத்தில் அவற்றைச் செய்பவர்கள் இரண்டு மூன்று பேர்தான் மிஞ்சுகிறார்கள். அமெரிக்காவின் வட கரோலினாவில் உள்ள ஸ்ப்ரூஸ் பைன் என்ற சிற்றூர் இதற்கு இன்னொரு உதாரணம். சிலிக்கானை உருக்கும் மூசைகளுக்கு வேண்டிய மிகத் தூய குவார்ட்ஸ் கல் பெருமளவில் அங்கிருந்தே போகிறது. 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் அந்த ஊரைத் தாக்கியபோதுதான் பலரும் அதன் பெயரையே கேள்விப்பட்டார்கள்.

வைர வடிவத்தை வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. மேல் அடுக்கில் சப்ளையர்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதாலும் அது மறைவதில்லை. ‘இருவரிடம் வாங்குகிறோம், பயமில்லை’ என்ற சொல்லே பல நிறுவனங்களைத் தூங்க வைத்தது என்று சொல்லலாம்.

மார்ல் நகரத்து வெடிவிபத்து

2012 மார்ச் 31 அன்று ஜெர்மனியின் மார்ல் நகரில் எவோனிக் நிறுவனத்தின் வேதி ஆலையில் வெடிவிபத்து நேர்ந்தது. தொழிலாளர் இருவர் உயிரிழந்தனர். அந்த ஆலையில் தயாரானது சுருக்கமாக சி.டி.டி. எனப்படும் ஒரு வேதிப்பொருள். அதிலிருந்து லாரோலாக்டம் என்ற பொருளும், அதிலிருந்து நைலான்-12 என்ற பிளாஸ்டிக்கும் செய்யப்படுகின்றன. பெட்ரோலும் பிரேக் எண்ணெயும் ஓடும் குழாய்களுக்கு அந்த நைலான் வேண்டும். கார் நிறுவனத்திலிருந்து எண்ணினால் குழாய் செய்பவர், நைலான் செய்பவர், அதன் மூலப்பொருள் செய்பவர் என்று பல படிகள் கீழே இருந்தது அந்த ஆலை.

ஏப்ரல் 17 அன்று டெட்ராய்ட் அருகே சுமார் 200 பேர் கூடினார்கள். வழக்கமாகப் போட்டியிடும் கார் நிறுவனங்களும் பாக உற்பத்தியாளர்களும் வேதி நிறுவனங்களும் ஒரே அரங்கில் அமர்ந்து, நைலான்-12-க்கு மாற்று எது, அதற்கான சோதனைகளை எப்படி விரைவாக முடிப்பது என்று பேசினார்கள். சோதனைதான் இங்கே பெரிய தடை. பிரேக் குழாயின் பொருளை மாற்றினால் வெப்பம், அழுத்தம், அதிர்வு எல்லாவற்றிலும் மறுபடியும் சோதித்து ஒப்புதல் பெற வேண்டும். அதற்கு மாதங்கள் ஆகும். மாற்றுப் பொருள் கடையில் கிடைக்கிறது என்பதால் மட்டும் அதைக் காரில் பொருத்திவிட முடியாது.

மாற்றாகப் பேசப்பட்டவற்றில் ஒன்று நைலான்-11. அது ஆமணக்கு எண்ணெயிலிருந்து செய்யப்படுகிறது. உலகின் ஆமணக்கில் பெரும்பகுதி இந்தியாவில், அதிலும் குஜராத்தில் விளைகிறது. ஒரு ஜெர்மன் ஆலையைச் சார்ந்திருப்பதிலிருந்து தப்பினால் ஒரு மாநிலத்தின் மழையைச் சார்ந்திருக்க நேர்கிறது. மாற்று வழியையும் அதன் அடிவரை பார்த்தாக வேண்டும் என்பதற்கு இது நல்ல பாடம்.

பலர் இருந்தும் ஒரே நூல்: திருப்பூர்

அடி அடுக்கில் ஒருவரே இருப்பதுதான் ஆபத்து என்று நினைத்தால் திருப்பூரின் அனுபவம் அதைத் திருத்தும். பின்னலாடைத் தொழிலில் துணியைப் பின்னுவதற்கும் தைப்பதற்கும் இடையே சாயமிடும் வேலை வருகிறது. 2011-இல் அங்கே 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளும் சலவைப்பட்டறைகளும் இருந்தன. ஒன்று மூடினால் இன்னொன்றுக்குத் துணியை அனுப்பலாம். இதைவிடப் பரவலான சப்ளையர் கூட்டத்தை எங்கும் பார்க்க முடியாது.

ஆனால் அத்தனை பட்டறைகளும் ஒரே சிக்கலைச் சுமந்திருந்தன. அவற்றின் சாயக்கழிவு நொய்யலாற்றைக் கெடுத்தது. ஒரத்துப்பாளையம் அணையின் நீர் விவசாயத்துக்கு உதவாமல் போனது. விவசாயிகள் பல ஆண்டுகள் வழக்கு நடத்தினார்கள். ஒரு சொட்டுக் கழிவுநீரையும் வெளியே விடக்கூடாது என்ற நிபந்தனை நிறைவேறாததால், 2011 ஜனவரி இறுதியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூட உத்தரவிட்டது. எழுநூறு சப்ளையர்களும் ஒரே சமயத்தில் நின்றனர். ஏற்றுமதி ஆர்டர்களைக் கையில் வைத்திருந்த நிறுவனங்கள் துணியை வெளியூர்களுக்கும் வெளிமாநிலங்களுக்கும் அனுப்பிச் சாயமிட வேண்டியதாயிற்று. தையல் வேலைக்கு வந்திருந்த தொழிலாளர்கள் வேலை குறைந்து ஊர் திரும்பினார்கள்.

இங்கே நலிவு ஒளிந்திருந்தது என்று சொல்வதுகூட முழு உண்மை அல்ல. ஆற்றங்கரையில் வாழ்ந்தவர்களுக்கு அது பல ஆண்டுகளாகத் தெரியும். தெரியாமல் இருந்தது, ஆயத்த ஆடையை வாங்கிய வெளிநாட்டு நிறுவனங்களின் கோப்புகளில்தான். ஒரே ஆறு, ஒரே மின்நிலையம், ஒரே துறைமுகம், ஒரே சட்ட விதி ஆகிய இவற்றில் ஒன்றையேனும் பொதுவாகச் சார்ந்திருக்கும் நூறு சப்ளையர்களை ஒருவராகவே எண்ண வேண்டும்.

கண்டறியும் வழிகள்

நிறுவனங்கள் வழக்கமாகச் செய்வது, அதிகப் பணம் கொடுக்கும் சப்ளையர்களை முதலில் ஆராய்வது. இது இயல்பானது, ஆனால் தவறான இடத்தில் விளக்கைப் பிடிப்பது. அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் டேவிட் சிம்ச்சி-லெவியும் உடன் ஆய்வாளர்களும் ஃபோர்டு நிறுவனத்துடன் சேர்ந்து செய்த ஆய்வு 2014-இல் வெளியானது. நின்றால் பேரிழப்பை உண்டாக்கக் கூடிய சப்ளையர்களில் பலர், ஃபோர்டு ஆண்டுதோறும் குறைந்த தொகைக்கே பொருள் வாங்குபவர்களாக இருந்தனர். விலை உயர்ந்த பாகங்களை ஏற்கெனவே எல்லோரும் கண்காணிக்கிறார்கள். மலிவான பாகத்தை யாரும் கவனிப்பதில்லை. 2007 ஜூலையில் நீகாத்தா நிலநடுக்கத்தில் ரிக்கேன் நிறுவனத்தின் காஷிவாசாக்கி ஆலை சேதமடைந்தபோது, சிறிய பிஸ்டன் ரிங் கிடைக்காமல் டொயோட்டா உள்ளிட்ட ஜப்பானின் பெரிய கார் நிறுவனங்கள் உற்பத்தியை நிறுத்தியதும் இதே கதைதான்.

அந்த ஆய்வு, நிலநடுக்கம் வருமா, தீப்பிடிக்குமா என்று ஊகிப்பதை ஒதுக்கிவிட்டு இரண்டு கால அளவுகளை மட்டும் கேட்டது. எந்தக் காரணத்தால் நின்றாலும் ஓர் ஆலை பழைய நிலைக்குத் திரும்ப எவ்வளவு காலம் ஆகும்? அது மீட்புக் காலம். அந்த ஆலை இல்லாமல், கையிருப்பையும் மாற்று வழியையும் கொண்டு மேலே உள்ளவர் எவ்வளவு காலம் ஓட்ட முடியும்? அது தாங்கும் காலம். ஓர் அச்சு உடைந்தால் புதிது செய்யப் பத்து வாரம் ஆகும், கையில் மூன்று வாரச் சரக்கு இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஏழு வார இடைவெளி அங்கே காத்திருக்கிறது. விபத்துக்கான வாய்ப்பை யாராலும் துல்லியமாகச் சொல்ல முடியாது. இந்த இரண்டு எண்களையோ, நேர்மையாகக் கேட்டால் ஒரு பட்டறை மேற்பார்வையாளரே சொல்லிவிடுவார்.

கேட்கும் விதம் முக்கியமானது. ‘உங்கள் விநியோகம் பாதுகாப்பானதா?’ என்று படிவம் அனுப்பினால் ‘ஆம்’ என்ற பதில்தான் வரும். ‘நீங்கள் வாங்கும் பொருட்களில் ஒரே இடத்தில் மட்டும் கிடைப்பது எது? அந்த ஆலை இன்று இரவு மூடினால் எந்தத் தேதி வரை எங்களுக்கு அனுப்புவீர்கள்?’ என்று கேட்டால் உண்மை வெளிவரத் தொடங்கும். முகவரியும் அப்படியே. விலைப்பட்டியலில் இருப்பது தலைமை அலுவலக முகவரி. பொருள் தயாராவது வேறு ஊரில், சில சமயம் ஆற்றங்கரையில் அல்லது நிலநடுக்கப் பகுதியில். ஆலை எங்கே நிற்கிறது என்பதைத் தனியாகக் கேட்டு வரைபடத்தில் குறிக்காதவரை வெள்ள அபாயத்தைக் கணக்கிட வழியில்லை.

நேரில் போய்ப் பார்ப்பதற்கு ஈடு எதுவும் இல்லை. ஒரே ஓர் இயந்திரத்தில் மட்டும் செய்யக்கூடிய வேலை, அதை ஓட்டத் தெரிந்த ஒரே ஒரு முதியவர், வாடிக்கையாளருக்குச் சொந்தமான டை ஒரே கொட்டகையில் காப்பு இல்லாமல் கிடப்பது, இவையெல்லாம் எந்த அறிக்கையிலும் வருவதில்லை. பணமுடைக்கும் அடையாளங்கள் உண்டு. சிறிது சிறிதாக அனுப்பும் சரக்கு, திடீரென்று முன்பணம் கேட்பது, தேர்ந்த ஆட்கள் விலகுவது, திருப்பி அனுப்பப்படும் பாகங்களின் எண்ணிக்கை கூடுவது. தனித்தனியாகப் பார்த்தால் இவை சாதாரணமானவை. மூன்று மாதங்களில் சேர்ந்து வந்தால் அந்தப் பட்டறை மூலப்பொருளை வாங்கவே திணறுகிறது என்று கொள்ளலாம்.

ஏன் சொல்வதில்லை

முதல் அடுக்கு நிறுவனங்கள் தங்களுக்குக் கீழே உள்ளவர்களின் பெயரை எளிதில் வெளியிடுவதில்லை. வெளியிட்டால் கார் நிறுவனம் நேரே அங்கே போய்விடும், அல்லது ‘அவர் இந்த விலைக்குத்தானே தருகிறார்’ என்று விலையைக் குறைக்கச் சொல்லும் என்ற அச்சம் இருக்கிறது. அச்சத்துக்குக் காரணமும் இருக்கிறது. ஆண்டுதோறும் விலைக்குறைப்புக் கேட்கும் நிறுவனம், அதே மூச்சில் ‘உங்கள் பலவீனங்களைச் சொல்லுங்கள்’ என்றால் யார் சொல்வார்கள்? சொன்ன தகவல் பேரத்துக்குப் பயன்படாது என்ற உறுதி எழுத்தில் இல்லாதவரை வரைபடம் நிறையப் போவதில்லை.

கீழ் அடுக்கின் நலிவில் ஒரு பகுதி மேலிருந்து இறங்கியது என்பதையும் மறக்கக்கூடாது. சரக்கைப் பெற்றுக்கொண்டு பணத்தை மூன்று நான்கு மாதம் கழித்துக் கொடுக்கும் பெரிய நிறுவனம், தன் நடைமுறை மூலதனத்தைச் சிறிய பட்டறையிடமிருந்து வட்டியில்லாமல் எடுத்துக்கொள்கிறது. இந்தியாவில் 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம், குறு, சிறு நிறுவனங்களுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாட்களுக்குள்ளும், இல்லையென்றால் 15 நாட்களுக்குள்ளும் பணம் தர வேண்டும் என்கிறது. தாமதித்தால் கூட்டு வட்டி உண்டு. ஆனாலும் புகார் கொடுத்தால் அடுத்த ஆர்டர் வராது என்று தயங்குபவர்களே அதிகம். 2024 ஏப்ரல் முதல், உரிய நாளுக்குள் கொடுக்காத தொகையை அது உண்மையில் கொடுக்கப்படும் ஆண்டில்தான் செலவாகக் காட்ட முடியும் என்று வருமான வரிச் சட்டத்திலும் விதி வந்தது. தன் சப்ளையர்களின் உறுதியைப் பற்றிக் கவலைப்படும் நிறுவனம் முதலில் பார்க்க வேண்டியது தன்னுடைய பணப்பட்டுவாடா பதிவேட்டைத்தான்.

தெரிந்த பிறகு

நலிவு தெரிந்துவிட்டால் செய்யக்கூடியவை சிலவே: கையிருப்பைக் கூட்டுவது, இன்னொரு ஆலையை முன்பே சோதித்து ஒப்புதல் கொடுத்து வைப்பது, பாகத்தின் வடிவமைப்பை மாற்றுவது. எல்லாவற்றுக்கும் செலவு உண்டு. எனவே எல்லாப் பாகத்துக்கும் செய்ய முடியாது. எதற்குச் செய்வது என்று சொல்லத்தான் வரைபடம் வேண்டும். சிப் தயாரிப்பில் லேசர் கருவிகளுக்கு வேண்டிய நியான் வாயுவில் பெரும்பகுதி உக்ரைனில் தூய்மைப்படுத்தப்பட்டது. 2014-இல் கிரைமியா நெருக்கடியின்போது விலை ஏறியதால் சிப் நிறுவனங்கள் பயன்பாட்டைக் குறைத்து மாற்று இடங்களையும் தேடின. 2022-இல் போர் மூண்டு மரியுபோல், ஒடெசா நகரங்களின் ஆலைகள் நின்றபோது பலரும் பயந்த அளவுக்குச் சிப் உற்பத்தி முடங்காததற்கு அந்த முன்னேற்பாடும் ஒரு காரணம்.

டொயோட்டா 2011-க்குப் பிறகு கீழ் அடுக்குகளின் ஆலைகளைப் பற்றிய பெரிய தகவல் தொகுப்பை உருவாக்கியது. சிப் போன்ற எளிதில் மாற்ற முடியாத பாகங்களுக்கு, வந்துசேரும் காலத்தைப் பொறுத்து இரண்டு முதல் ஆறு மாதச் சரக்கைச் சப்ளையர்கள் இருப்பு வைக்க வேண்டும் என்றும் ஏற்பாடு செய்தது. இருப்பே வைக்காத உற்பத்தி முறைக்குப் பெயர்பெற்ற நிறுவனம் இதைச் செய்தது குறிப்பிடத்தக்கது. 2021 தொடக்கத்தில் உலகமெங்கும் சிப் தட்டுப்பாடு வந்தபோது, மற்ற நிறுவனங்கள் ஆலைகளை மூடிய மாதங்களில் டொயோட்டா பெரும்பாலும் ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஆண்டு மார்ச் 19 அன்று அதே நாக்கா ஆலையில் தீப்பிடித்தது. ஆகஸ்டில் மலேசியா, வியட்நாம் நாடுகளின் பாக ஆலைகள் கொரோனாவால் முடங்கின; செப்டம்பர் மாத உலக உற்பத்தியைத் திட்டமிட்டதிலிருந்து 40 விழுக்காடு குறைப்பதாக டொயோட்டா அறிவித்தது. ஆறு மாதச் சரக்கு வைத்திருந்தவர்களுக்கும் ஏழாவது மாதம் வந்தது.